யெஸ்டியின் ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளும்போது

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலை, தாளபெட்டாவைத் தாண்டியதும் வளைந்து வளைந்து ஏறும். மறுபக்கம் இறங்கினால் பாலாறு, அப்புறம் மேட்டூர். பழைய பைக்கை மாற்றிக் கட்டியவர் தன் வேலை எவ்வளவு உருப்படி என்று தெரிந்துகொள்ள இந்தப் பாதை போதும். முதலில் தேர்வெழுதப்போவது ஃபுட்ரெஸ்ட்தான். ஓட்டுபவரின் எடை அதில் நிற்கிறது. கியரும் பின் பிரேக்கும் அதில் ஊன்றிய பாதத்தைக் கொண்டுதான் இயங்குகின்றன.

இந்தப் பக்கத்துக்குச் சொந்தமான வண்டி யெஸ்டி. மைசூரு யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா ஆலை 1961இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா 250ஐ இங்கே செய்யத் தொடங்கியது. 1973 முதல் அதுவே யெஸ்டி ஆனது. ஆலை 1996இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரில் வருவது வேறொரு நிறுவனத்தின் புது வண்டி. பழைய டூ ஸ்ட்ரோக், டபுள் சைலன்சர் வண்டியின் ஃபிரேம் இனி வராது. அதில் ஒரு துளை போடுவதற்கும் யோசிக்க வேண்டும்.

ஃபுட்ரெஸ்டை ஏன் நகர்த்துகிறார்கள்? 1950, 60களில் லண்டன் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி வேகமாக ஓட்டினார்கள். கஃபே ரேசர் என்ற பாணி அப்படி வந்ததுதான். உடல் முன்னால் சாயும்போது கால் பழைய இடத்திலேயே இருந்தால் எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். சிறிது தூரத்திலேயே கை மரத்துப்போகும். அதனால் காலைப் பின்னாலும் சற்று மேலேயும் கொண்டுபோனார்கள். 1960களின் நடுவில் ராயல் என்ஃபீல்டு தன் கான்டினென்டல் ஜிடி 250ஐ அந்த அமைப்புடனேயே விற்றது.

யெஸ்டியில் இது லேசான வேலை இல்லை. இடது பக்கத்தில் இருக்கும் ஒரே லீவர்தான் கியரும் கிக்கரும். அதை உள்பக்கமாக அழுத்தித் திருப்பி நிமிர்த்தினால் கிக்கர். வண்டி ஸ்டார்ட் ஆனதும் பழையபடி இறக்கினால் கியர் லீவர். இன்னொரு அருமையும் உண்டு: லீவரை மிதிக்கும்போது அந்த அசைவிலேயே கிளட்ச்சும் விடுபடும். கைக் கிளட்ச்சைத் தொடாமல் கியர் மாற்றும் யெஸ்டிக்காரர்கள் நிறைய.

பாதம் பின்னுக்குப் போனால் லீவர் எட்டாது. மற்ற வண்டிகளில் லிங்கேஜ் ராடு ஒன்றைப் போட்டு இணைத்துவிடுவார்கள். இங்கே ராடை மாட்டினால் லீவர் நிமிராது, கிக் அடிக்க முடியாது. கிளிப்பைக் கழற்றி ராடை விடுவிக்கலாம். ஆனால் ஏற்றத்தில் வண்டி நின்றுபோய், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது அது பெரிய தொல்லை. ராடின் இருபுறக் கைகளின் நீளம் பொருந்தாவிட்டால், மிதி முழுக்க இறங்கியும் லீவர் பாதியில் நிற்கும். கிளட்ச் சரியாக விடாது, கியர் பல்லைக் கடிக்கும். என் கருத்து இதுதான்: யெஸ்டியில் நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம். கட்டைவிரல் லீவரை எட்டும் வரைதான் எல்லை. ஹேண்டில்பாரையும் அதற்கேற்ற அளவுக்குத் தாழ்த்தினால் போதும்.

அடுத்தது பிராக்கெட். 70 கிலோ ஆள் பள்ளத்தில் ஒரு காலை ஊன்றி எழுகிறார் என்று வையுங்கள். ஃபுட்ரெஸ்டில் கால் படும் இடம் பிளேட்டிலிருந்து 10 செ.மீ. வெளியே இருக்கிறது, பிளேட்டைப் பிடிக்கும் மேல், கீழ் போல்ட்டுகளுக்கு நடுவே 4 செ.மீ. மேல் போல்ட்டின் இழுவை ஏறக்குறைய 175 கிலோ. வண்டி குதித்து இறங்கினால் அது இரட்டிப்பாகும். அதே போல்ட்டுகளை 8 செ.மீ. தள்ளி வைத்தால் இழுவை பாதி. பிளேட்டைத் தடிப்பாக்குவதைவிட இது பலன் தரும்.

ஃபிரேம் குழாயில் நேரடியாக வெல்டிங் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. மெல்லிய குழாயில் சூடு ஏறிய இடத்தின் ஓரத்தில், அதிர்வு தொடர்ந்து பட்டுப்பட்டு, மயிரிழை விரிசல் விழும். பெயின்ட்டுக்கு அடியில் அது தெரியாது. குழாயைத் துளைத்து போல்ட் முறுக்கினாலோ குழாய் நசுங்கும். ஏற்கெனவே உள்ள மவுன்ட் துளைகளில் 6 மி.மீ. இரும்புப் பிளேட்டைப் பூட்டுவது நல்லது. நாளைக்குக் கழற்றினால் வண்டி பழையபடி கிடைக்கும்.

பிரேக் பெடலும் கூடவே நகரும். பெடலின் அச்சிலிருந்து பாதம் வரை 20 செ.மீ., ராடு வரை 5 செ.மீ. இருந்தால் மிதி நான்கு மடங்காகும். இடம் போதவில்லை என்று பெடலை 14 செ.மீ. ஆக்கினால் 2.8 மடங்குதான் கிடைக்கும். இறக்கத்தில் அந்தக் குறை உடனே தெரியும். பெடலின் அச்சு ஸ்விங் ஆர்ம் அச்சுக்கு அருகில் இருப்பதும் முக்கியம். தள்ளிப்போனால், பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது ராடு தானாக இழுபடும், பிரேக் தானாகப் பிடிக்கும்.

ஃபுட்ரெஸ்ட் மடங்கும் வகையாக இருக்கட்டும். வளைவில் சாயும்போது தரையில் உரசினால் அது மேலும் பின்னுமாக மடங்க வேண்டும். மடங்காத இரும்புக்கட்டை தரையில் ஊன்றிப் பின்சக்கரத்தையே தூக்கிவிடும். பின்னால் ஆள் உட்கார இடமுள்ள பைக்கில் அவருக்கு ஃபுட்ரெஸ்ட் இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. கஃபே ரேசர் அழகுக்காகப் பலர் முதலில் வெட்டுவது அதைத்தான். சீட்டை ஒற்றையாக்குவதாக இருந்தால், வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.