மின்கலக் கண்காணிப்பி

மின்கலக் கண்காணிப்பி என்பது ஒரு மின்கலத்தில் எஞ்சியுள்ள மின்னூட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது பேட்டரி மானிட்டர் எனப்படும். குளிர்பெட்டி, விளக்கு போன்றவற்றுடன் கரடுமுரடான தடங்களில் நெடும்பயணம் செல்லும் ஊர்திகளிலும் படகுகளிலும் இது பயன்படுகிறது. திருச்செந்தூருக்கு அருகிலுள்ள தேரிக்காட்டுச் செம்மணலில் மின்கலம் தீர்ந்துபோன ஊர்தியைத் தள்ளிக் கிளப்புவது ஏறத்தாழ இயலாத செயல்.

மின்னழுத்தம் மட்டும் போதாமை

ஓய்வில் உள்ள 12 வோல்ட்டு ஈய-அமில மின்கலம் முழு மின்னூட்டத்தில் சுமார் 12.7 வோல்ட்டும், பாதியில் சுமார் 12.2 வோல்ட்டும் காட்டும். ஆனால் இந்த ஓய்வு சில மணி நேரம் நீடிக்க வேண்டும். குளிர்பெட்டி ஓடும்போது அளவு தாழ்ந்தும், மின்னேற்றிய உடன் உயர்ந்தும் தெரியும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலத்திலோ மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் 13.2 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால் அதைக்கொண்டு எதையும் ஊகிக்க இயலாது.

எனவே நல்ல கண்காணிப்பிகள் உள்ளே வரும், வெளியே செல்லும் மின்னோட்டத்தை எண்ணுகின்றன. இதற்கு ஷன்ட் எனப்படும் மிகத் தாழ்ந்த மின்தடை உதவுகிறது. 500 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட்டு தரும் ஷன்ட்டில் 10 ஆம்பியர் பாய்ந்தால் 1 மில்லிவோல்ட்டு தோன்றும். மின்னோட்டம் கூடினால் ஈய-அமில மின்கலத்தின் பயன்படு கொள்ளளவு குறையும் என்பதைச் செருமானியரான பொய்க்கர்ட் 1897இல் வாய்பாடாகத் தந்தார். கண்காணிப்பிகள் இதையும் கணக்கில் கொள்கின்றன.

பொருத்துதல்

மின்கலத்தின் எதிர்முனையில் இருந்து ஷன்ட்டுக்குச் செல்லும் கம்பியைத் தவிர வேறெந்தக் கம்பியும் அம்முனையில் இருத்தல் கூடாது. உடற்சட்டத் தரையிணைப்பு, சூரிய மின்னேற்றியின் எதிர்க்கம்பி ஆகிய அனைத்தும் ஷன்ட்டின் மறுபக்கத்தில் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் அதன் வழிச் செல்லும் மின்னோட்டம் எண்ணப்படாது. இரண்டு மின்கலம் உள்ள ஊர்தியில் ஷன்ட்டைத் துணை மின்கலத்தில் மட்டும் பொருத்தினால் போதும். கருவிக்கு மின்சாரம் தரும் நேர்க்கம்பியில் உருகி கட்டாயம் தேவை.

எண்ணிக்கைப் பிழை நாளடைவில் சேரும். மின்கலம் முழுதாக மின்னேறும்போது கருவி தன்னைத் திருத்திக்கொள்ளும். வாரக்கணக்கில் முழு மின்னேற்றம் பெறாத மின்கலத்தின் விழுக்காட்டை நம்ப வேண்டாம்.

கடற்கரைச் சூழல்

உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடி முதல் மணப்பாடு வரையான முத்துக்குளித்துறைக் கரையில் உப்புக் காற்று செப்பு இணைப்புகளை அரிக்கிறது. அரிப்பால் ஓர் இணைப்பில் 0.1 ஓம் கூடினால், 5 ஆம்பியரில் 0.5 வோல்ட்டு அங்கேயே இழக்கப்படும். கண்காணிப்பி மின்கலத்தை நலமாகக் காட்டிக்கொண்டிருக்க, குளிர்பெட்டி தாழ்மின்னழுத்தத்தால் நின்றுவிடும். பலரும் மின்கலத்தையே குறை கூறி மாற்றுவது இதனால்தான். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியும், முனைகளில் தடவும் வாசலினும் இதைக் குறைக்கும்.

கண்ணாடியிழைப் படகில் உலோக உடற்சட்டம் இல்லாததால் எதிர்க்கம்பிகளைத் தொகுப்பது எளிது. எனினும் அடிநீர் இறைப்பான் மின்கலத்திலேயே நேரடியாக இணைக்கப்பட்டிருந்தால், அதன் எதிர்க்கம்பியையும் ஷன்ட்டின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும்.