கணிப்பொறிச் சல்லடையும் வேலை விண்ணப்பமும்

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்துள்ள தொழிற்பகுதி கார்டன் ரீச். 1884-இல் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1960-இல் மத்திய அரசின் உடைமையாகி, இன்று கடற்படைக்குப் போர்க்கப்பல்கள் கட்டித் தரும் பொதுத் துறை நிறுவனம் இங்குள்ளது. 1955-இல் உருவான தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் இங்கேயே உள்ளது. தொழிற் பழகுநர் இடங்களுக்கு இவ்விரண்டும் விளம்பரம் வெளியிடும்போது, ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் ஆகிய தொழில்களைக் கற்ற இளைஞர்கள் பெருந்திரளாக விண்ணப்பிக்கின்றனர். முற்காலத்தில் விண்ணப்பங்கள் தபாலில் வந்தன. எழுத்தர்கள் பிரித்துப் படித்தனர். இன்றோ விண்ணப்பத்தை முதலில் பார்ப்பது கணிப்பொறியே. இம்மாற்றத்தின் தன்மையை அறியாததால், தகுதியிருந்தும் வாய்ப்பை இழப்போர் உள்ளனர்.

வகைப்படுத்தல் புதிதன்று

வேலை தேடுவோரை வகைப்படுத்தி வைக்கும் முறை நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. தேசியத் தொழில் வகைப்பாடு முதன்முதலில் 1958-இல் வகுக்கப்பட்டது. 1968, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தியமைக்கப்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவு செய்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையும், அவரது தொழிலைக் குறிக்கும் எண்ணும் வழங்கப்பட்டன. காலியிடம் அறிவிக்கப்பட்டதும், அந்த எண்ணுக்குரிய அட்டைகளை அலுவலர் எடுத்து அனுப்பினார். அந்த அலுவலர் செய்த வேலையையே இன்று மென்பொருள் செய்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அட்டையில் சொல் சற்று மாறியிருந்தாலும் அலுவலர் பொருளை உணர்ந்து கொள்வார். எளிய மென்பொருளோ, எழுதியதை எழுதியவாறே எடுத்துக்கொள்ளும்.

இருவகைச் சல்லடைகள்

அரசு, பொதுத் துறைப் பணிகளில் விண்ணப்பதாரர் பெரும்பாலும் இணையவழிப் படிவத்தின் கட்டங்களை நிரப்புகிறார். குறிப்பிட்ட நாளில் வயது என்ன, கல்வித் தகுதி யாது, மதிப்பெண் எவ்வளவு, இட ஒதுக்கீட்டுப் பிரிவு எது என்பவற்றைக் கொண்டு தகுதி முடிவாகிறது. ரயில்வேயின் தொழிற் பழகுநர் தேர்வில் எழுத்துத் தேர்வு இல்லை. மதிப்பெண் அடிப்படையில் தொழில்வாரியாகப் பட்டியல் தயாராகிறது. ஆகவே ஓர் இலக்கம் தவறினாலும் விளைவு கடுமையாகும். இவ்வகையில் சொல்வன்மைக்கு வேலையில்லை, துல்லியமே தேவை.

தனியார் துறையில் முறை வேறு. விண்ணப்பதாரர் அனுப்பும் தன்விவரக் குறிப்பிலிருந்து மென்பொருள் எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், கல்வி, அனுபவம், திறன் எனப் பகுத்து, பணிக்குக் கேட்கப்பட்ட தகுதிகளோடு ஒப்பிடுகிறது. சில நிறுவனங்கள் கட்டாயத் தகுதி இல்லாதவரை உடனே விலக்குகின்றன. வேறு சில, பொருத்தத்தின் வரிசையில் அடுக்கி, மேலே உள்ளவற்றை மட்டும் அலுவலர் பார்வைக்கு அனுப்புகின்றன. இரண்டாவது முறையில் எவரும் நிராகரிக்கப்படுவதில்லை என்றாலும், அடியில் கிடப்பவரைப் படிக்க ஆளில்லை என்பதால் பயன் ஒன்றே.

குறிப்பு எழுதும் முறை

முதலாவது, விளம்பரத்தின் சொல்லையே ஆள வேண்டும். “கேஸ் அண்ட் எலக்ட்ரிக் வெல்டர்” என்று கேட்கப்பட்டிருக்க, “வெல்டிங் வேலைகள் அனைத்தும் தெரியும்” என்று எழுதினால் மனிதருக்குப் புரியும். சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் மென்பொருளுக்குப் புரியாது. சான்றிதழில் உள்ள தொழிற்பெயர் வேறாயின் இரண்டையும் குறிப்பிடுவது நலம்.

இரண்டாவது, வடிவம் எளிதாக இருக்க வேண்டும். இரு பத்திகளாகப் பிரித்த பக்கம், அட்டவணைக்குள் இட்ட விவரம், படமாக ஒட்டிய எழுத்து ஆகியவற்றை மென்பொருள் கலைத்துப் படிக்கலாம். சில வேளை படிக்காமலே விடலாம். கல்வி, அனுபவம், திறன் என வழக்கமான தலைப்புகளின் கீழ், மேலிருந்து கீழாக எழுதுவதே சிறந்தது.

மூன்றாவது, அனுபவத்தை அளவோடு கூற வேண்டும். “அனுபவம் உண்டு” என்பதைவிட, எந்தப் பட்டறையில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வகை உலோகத்தில், எந்த இயந்திரத்தில் பணி புரிந்தார் என்பது மென்பொருளுக்கும் பின்னர் படிக்கும் அலுவலருக்கும் உதவும்.

நான்காவது, பெயர். தமிழகத்திலிருந்து விண்ணப்பிப்போர் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தும், ஆதார் அட்டையில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் இடர் நேரலாம். விண்ணப்பிக்கும் முன்பே இவற்றை ஒன்றாக்கிக் கொள்வது அவசியம்.

கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் சொற்களை நிரப்பும் தந்திரத்தைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். அது ஏமாற்றாகும், வெளிப்பட்டால் விண்ணப்பமே தள்ளப்படும். இல்லாத திறனை எழுதி மென்பொருளைக் கடந்தவர், பட்டறையில் நடைபெறும் தொழிற் சோதனையைக் கடக்க இயலாது.

நிர்வாகத்தின் பொறுப்பு

விண்ணப்பதாரரை மட்டும் திருத்தினால் போதாது. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்ச்சர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், விதித்த நிபந்தனைகளோடு முற்றிலும் பொருந்தாததால் தகுதியுள்ளோரும் விலக்கப்படுவதை வேலை அளிப்போரே பெருமளவில் ஒப்புக்கொண்டனர். பணியில் இடைவெளி இருந்தது என்ற ஒரே காரணத்தால் விலக்குவதும் இதில் அடங்கும். மகப்பேற்றுக்காகவோ, பெற்றோரின் நோய்க்காகவோ வேலையை விட்டவரை இவ்விதி தண்டிக்கிறது. அமேசான் நிறுவனம் சோதித்துவந்த ஒரு மென்பொருள், ஆண்களே மிகுந்திருந்த பழைய விண்ணப்பங்களிலிருந்து கற்றதால் பெண்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது என்றும், அது கைவிடப்பட்டது என்றும் 2018-இல் தெரிய வந்தது. நியூயார்க் நகரம் 2021-இல் இயற்றிய சட்டம், இத்தகைய கருவிகளில் பாரபட்சம் உண்டா என ஆண்டுதோறும் தணிக்கை செய்யப் பணிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இவற்றை மிகு ஆபத்துடைய வகையில் சேர்த்தது.

எனவே விதிகளை வகுக்கும் அலுவலர், இன்றியமையாத தகுதி எது, விரும்பத்தக்கது எது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். தொழிற்பெயர்களைத் தேசிய வகைப்பாட்டின்படி அமைக்க வேண்டும். விலக்கப்பட்ட விண்ணப்பங்களில் ஒரு பகுதியையேனும் மனிதர் படித்துப் பார்க்கவும், விலக்கியதற்கான காரணத்தை விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கவும் ஏற்பாடு வேண்டும். பயிற்சி நிலையங்களில் பொதுப் பணம் செலவிட்டு உருவாக்கிய திறன், சொற்பொருத்தம் இன்மையால் வீணாவது தனிமனிதருக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் இழப்பாகும். சல்லடை எவ்வளவு விரைவாகச் சலிக்கிறது என்பதைவிட, அது எதைக் கீழே தள்ளுகிறது என்பதை அறிவதே நிர்வாகத்தின் முதற்கடமை.