கல் கொட்டினால் கரை நிற்குமா?

புதுச்சேரி காந்தி சிலைப் பக்கம் மறுபடி மணல் வந்திருக்கிறது. 2018-ல் கடலுக்கடியில் இறக்கிய இரும்புத் திட்டின் உபயம். அதற்கு முன் பல வருஷம் அங்கே வெறும் கருங்கல்தான்.

காரணம், 1980-களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் மறித்ததும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்போ, கல் முடிந்த இடத்தைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துத் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் போய்விட்டது.

அங்கேயும் மீனவர்கள் கல் கேட்டார்கள். வீடு போகும்போது வேறென்ன கேட்பது? ஆனால், கல் கொட்டிய கரையில் படகை ஏற்ற முடியாது, வலை காயவைக்க இடமிருக்காது. அந்தக் கல் எங்கே முடிகிறதோ, அங்கிருந்து அடுத்த குப்பத்தின் கரை அரிக்கத் தொடங்கும்.