உடுவிலுக்கு வந்த ஊசிக் காசு

யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். தொடங்கியவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சுலோ அம்மையார். வின்சுலோ தமிழ்-ஆங்கில அகராதி தந்தவரின் மனைவி.

அந்த மிசனுக்கு வந்த உதவியில் ஒரு பங்கு அமெரிக்கப் பெண்களின் தையற் சங்கங்கள் தேடிக் கொடுத்தது. ஒரு வீட்டில் கூடுவார்கள், கதைத்துக்கொண்டே தைப்பார்கள், தைத்ததை விற்ற காசை மிசனுக்கு அனுப்புவார்கள். இங்கே ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றவர்கள், அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரையும் வைத்தார்கள். முகமே காணாத பிள்ளைக்கு! பெற்ற தாய்க்கு அது எப்படி இருந்திருக்குமோ?

உடுவில் பிள்ளைகளும் எழுத்தோடு தையலும் பழகினார்கள். அந்தப் பாடசாலைதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.