விரிசல் விழுந்த இல்லறம் மீண்டும் சேருமா?

பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது, கோலார் தங்கவயல். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரெயில் ஏறுகிறார்கள். இருட்டில் புறப்பட்டு, இருட்டில் திரும்புகிறார்கள். கணவன்-மனைவி மனம் விட்டுப் பேச, பலருக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

இப்படிப்பட்ட வீட்டில், ஒருவருக்கு வேறு தொடர்பு இருப்பது தெரிந்தால் என்ன ஆகும்?

சொந்தக்காரர்கள் கூடுவார்கள். தவறியவன் கணவன் என்றால், "ஆம்பளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான்" என்று முடித்துவிடுவார்கள். மனைவி என்றால், தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டிலும் புண் மூடப்படுகிறதே தவிர, ஆறுவதில்லை.

சட்டம்

பிறர் மனைவியுடன் தொடர்பு கொள்வதைக் குற்றமாக்கிய 497-வது பிரிவை, 2018 செப்டம்பர் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. ஆனாலும் விவாகரத்து கேட்க அது காரணம் ஆகும். அப்படி வழக்கு வந்தாலும், முடிந்தவரை முதலில் சமரசத்துக்கு முயலவேண்டும் என்கிறது, 1984-ம் ஆண்டு குடும்பக் கோர்ட்டு சட்டம்.

ஆலோசகரின் வேலை

குடும்ப ஆலோசகர் தீர்ப்புச் சொல்வதில்லை. யார் பக்கமும் சேருவதில்லை. இருவரையும் சேர்த்தும், தனித்தனியாகவும் பேச வைக்கிறார்.

தவறியவர் அந்தத் தொடர்பை அடியோடு நிறுத்தவேண்டும். கேட்ட கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லவேண்டும். ஏமாந்தவருக்கு அழவும், கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் சாப்பாட்டு நேரத்திலும், பிள்ளைகள் முன்னிலையிலும் குத்திக்காட்டாமல், அதற்கென்று நேரம் ஒதுக்கிப் பேசவேண்டும்.

சத்தியம் செய்வதால் நம்பிக்கை திரும்பிவிடாது. சொன்ன ரெயிலில் வந்து இறங்குவது, சம்பளக் கணக்கை மறைக்காதது போன்ற சின்னச் சின்ன செயல்களால்தான் திரும்பும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அடி-உதை நடக்கும் வீட்டில் சமரசப் பேச்சு பிறகுதான். பாதுகாப்பே முதலில். பெண்கள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

எங்கே போவது?

பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் குடும்பங்களுக்கென்று தனி மனநலப் பிரிவு இருக்கிறது. விடுப்பு எடுக்க முடியாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

ஆலோசனைக்குப் போகும் எல்லோரும் சேர்ந்துவிடுவதில்லை. மன்னிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் சேருவதோ, பிரிவதோ, அந்த முடிவை ஊர் எடுக்காமல் இருவரும் பேசி எடுத்தால், பிள்ளைகளாவது நிம்மதியாகத் தூங்கும்.