வளைகாப்பு முடிந்தது… பிரஷர் பார்த்தாச்சா?

செவ்வாய்க்கிழமை காலை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் கூட்டம். டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்து, நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து, ஒருவழியாக ஸ்டூலில் உட்கார்கிற பெண்ணின் கையில் அந்த நிமிடமே பட்டையைச் சுற்றியாகிறது. பின்னால் வரிசை வாசல்வரை நிற்கிறது. பட்டையில் காற்றேறும்போதே, “சத்து மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?” என்று செவிலியர் கேட்கிறார். “போடுறேன்க்கா, ஆனா குமட்டுது” என்கிறாள் அவள். அட்டையில் 120/80 என்று விழுகிறது. “நார்மல்தான், எழுந்துக்கோ.”

அந்த எண்ணை நம்ப எனக்குத் தயக்கமாக இருக்கிறது. முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கைக்குத் தாங்கல் இல்லை, மூச்சு இன்னும் ஆறவில்லை, நடுவில் பேச்சு வேறு. இவை எல்லாமே பிரஷரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அப்படிக் கூடுதலாகக் காட்டினால், ‘அவசரமா வந்திருப்பா’ என்று அளப்பவரே மனதுக்குள் கொஞ்சம் கழித்து எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. முள்ளையோ பாதரசத்தையோ கண்ணால் பார்த்துக் குறிக்கிற இடங்களில் கடைசி இலக்கம் பூஜ்யமாகவே விழுவது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம்தான். சாதாரண ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை. கர்ப்பிணிக்கு 138/88 என்பது 130/80 ஆகிவிட்டால், அடுத்த வாரமே வரச் சொல்ல வேண்டியவளை அடுத்த மாதம் வரச் சொல்லிவிடுவார்கள்.

சரியாக அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட உட்கார வேண்டும். கை மேஜைமேல், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலேற்றி, அதுவே இறுக்கும்படி விடக் கூடாது. பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகத் தெரியும். மேல்கைச் சுற்றளவு 33 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டை வேண்டும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து வலது கையில் அளந்தால், கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே போய்விடுவதால் பிரஷர் குறைவாகக் காட்டும். பொய்யான நிம்மதியைத் தருவதால் இந்தத் தவறுதான் மோசமானது.

இவ்வளவு கறார் எதற்கு? கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் என்று எதிலாவது பாதிப்பு தெரிந்தாலோ அதற்குப் பெயர் ப்ரீ-எக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும். மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். நச்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகிற கருப்பைத் தமனிகள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே போதுமான அளவு விரிந்து கொடுக்காததுதான் பெரும்பாலும் இதன் தொடக்கம். ரத்தம் போதாத நச்சுக்கொடி தாயின் ரத்தத்தில் கலக்கவிடும் பொருட்கள், உடம்பெங்கும் ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. இதெல்லாம் நடக்கும்போது அவளுக்கு ஒன்றுமே தெரியாது. நன்றாகச் சாப்பிடுவாள், சீரியல் பார்ப்பாள்.

தெரியத் தொடங்கும்போது பல சமயம் நேரம் கடந்திருக்கும். விடாத தலைவலி, கண்ணெதிரே பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி. கடைசியாகச் சொன்ன வலியைத்தான் நம் வீடுகளில் வாயு என்று முடிவுகட்டி ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். அது கல்லீரலிலிருந்து வரும் வலியாக இருக்கலாம். கால் வீக்கத்துக்கு பார்லி தண்ணீர், உப்பைக் குறை என்பதும் பழகிய கைவைத்தியம். சுத்தமாக வீக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். உப்பைக் குறைத்து இதைத் தடுக்கவும் முடியாது. பார்லி தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் அதைக் குடித்ததால் பிரஷர் பார்க்க வேண்டாம் என்று நினைக்கக் கூடாது.

ஒரு நாள் அளவைவிட, ஒன்றின்கீழ் ஒன்றாக அட்டையில் ஏறும் எண்களே அதிகம் பேசும். கர்ப்பத்தின் நடுமாதங்களில் பிரஷர் இயல்பாகவே சற்று இறங்கும். மூன்றாம் மாதத்தில் 100/60 இருந்தவளுக்கு ஆறாம் மாதத்தில் 128/84 என்றால் அது நோய் இல்லைதான். ஆனால் இறங்க வேண்டிய நேரத்தில் ஏறியிருக்கிறது. முதல் எண் அட்டையில் இருந்தால்தான் இது கண்ணில் படும். ‘நார்மல்’ என்று மட்டும் எழுதிய அட்டையால் ஒரு பயனும் இல்லை. “எவ்வளவுக்கா இருக்கு?” என்று கேட்கும் பெண்ணிடம் எரிந்துவிழும் இடங்களும் உண்டு. கேட்டே தீர வேண்டிய கேள்வி அது.

மாதம் ஒருமுறை, ஏழு மாதத்துக்குமேல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி மாதம் வாராவாரம் என்று மருத்துவர்கள் சொல்கிற கணக்கு 1929-ல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் வகுத்த அட்டவணையிலிருந்து வருவது. நாள் நெருங்க நெருங்க இந்த நோயின் வாய்ப்பு கூடுகிறது, அதனால் வருகையும் நெருங்குகிறது. நம் ஊரில் சரியாக அந்தக் கட்டத்தில்தான் வளைகாப்பு நடக்கிறது, பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். வளையல், சீர்ப்பலகாரம், பட்டுப்புடவை எல்லாம் ஞாபகமாகக் காரில் ஏறும். தாய் சேய் நல அட்டை மாமியார் வீட்டு பீரோவில் இருந்துவிடும். புது ஊர், புது செவிலியர், ‘அடுத்த வாரம் போயிக்கலாம்டி’ என்று அம்மாவின் செல்லம். மூன்று நான்கு வாரம் இப்படியே ஓடிவிடும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைச் சொன்னால் புது இடத்திலும் தொடரலாம். ஆனாலும் அட்டை கையில் இருப்பதே மேல். தாய்வீட்டுக்குப் போன அந்த வாரத்திலேயே அங்குள்ள சுகாதார நிலையத்தில் முகத்தைக் காட்டிவிடுவது இன்னும் நல்லது.

பிரஷர் கூடினால் சிறுநீரைப் பார்ப்பார்கள். குச்சிப் பரிசோதனை பரவலாகிவிட்டது. முன்பு சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து மேல்பகுதியை மட்டும் சூடாக்குவார்கள். கலங்கி வெளுத்தால் ஓரிரு துளி அசிட்டிக் அமிலம் விடுவார்கள். அதற்கும் கலங்கல் தெளியவில்லை என்றால் புரதம். செலவில்லாத, ஆனால் நம்பகமான சோதனை.

வருமுன் தடுக்கவும் ஓரளவு வழி இருக்கிறது. போன பிரசவத்தில் இது வந்தவர்கள், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் போன்றோருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை மூன்று மாதம் முடிந்த கையோடு மருத்துவர்கள் தொடங்குவார்கள். 2017-ல் வெளியான ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில், அதிக ஆபத்துள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்ததில், 37 வாரத்துக்கு முன்பே வருகிற கடுமையான வகை 60 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. யாருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை. பெரிதாக இருக்கிறது என்று பலர் ஓரம்கட்டுகிற, அரசு கொடுக்கும் கால்சியம் மாத்திரையும் எலும்புக்கு மட்டுமானதல்ல. உணவில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் போட வேண்டும்.

வந்துவிட்டாலும் கைவிட்ட நிலை இல்லை. லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. 160/110-ஐத் தொட்டால் உடனே குறைத்தாக வேண்டும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி: 2002-ல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘மேக்பை’ ஆய்வு, வலிப்பு ஆபத்து பாதிக்கும் கீழே இறங்குவதைக் காட்டியது. ஆனால் நோய் விலக நச்சுக்கொடி வெளியே வந்தாக வேண்டும். 37 வாரம் முடிந்ததும் பிரசவத்தைத் தூண்டுவதும், நிலை மோசமானால் அதற்கு முன்பே குழந்தையை எடுப்பதும் அதனால்தான். ‘நல்ல நாள் பார்த்துக்கலாமே’ என்று குடும்பம் இழுக்கிற பேரத்துக்கு இங்கே இடமில்லை.

குழந்தை பிறந்ததும் எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நின்றுவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி உச்சத்துக்கு ஏறுவது வழக்கம். அதற்குள் பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்து பத்தியச் சாப்பாட்டில் இருப்பார்கள். முதன்முறையாக வலிப்பு வருவது இந்த நாட்களிலும் நடக்கிறது. அந்த வாரத்தில் தலைவலி என்றால் தூக்கமில்லாததால் என்று விட்டுவிடாமல் பிரஷர் பார்க்க வேண்டும். ஆறு வாரம் கழித்தும் இறங்காவிட்டால் அது தனி ரத்தக்கொதிப்பாக இருக்கலாம். இறங்கிவிட்டாலும், பிற்காலத்தில் இதய நோய், பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. நாற்பது வயதில் செக்கப்புக்குப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும், “முதல் பிரசவத்துல எனக்கு பிரஷர் இருந்துச்சு” என்று சொல்லிவிட வேண்டும்.