டெத் நோட் வாசகர்கள் ஏன் இன்னும் சண்டை போடுகிறார்கள்?

ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகங்களுக்கு மாங்கா என்று பெயர். கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் நான்கு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியாவது மாங்காவுக்கு வந்துவிடும். அதில் அதிகம் சண்டை மூட்டிவிடுவது டெத் நோட். எங்கள் டீமில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த விவாதத்தால் இரண்டு மணி மீட்டிங்கிற்கு ஐந்து பேர் தாமதமாகப் போனோம். தொடர் முடிந்தது 2006ல். இவ்வளவு வருடங்கள் கழித்தும் வாசகர்கள் ஏன் ஒத்துப் போவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு எச்சரிக்கை. கதையின் முடிவு வரை இங்கே வரும். சஸ்பென்ஸ் கெடக் கூடாது என்று நினைப்பவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு இந்தப் பக்கத்தைத் திருப்புங்கள்.

கதை என்ன?

சுகுமி ஓபா என்ற புனைபெயரில் ஒருவர் எழுத, தகேஷி ஒபாடா வரைந்தார். வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் 2003 டிசம்பர் முதல் 2006 மே வரை 108 அத்தியாயங்கள் வெளிவந்தன. புத்தகமாக 12 தொகுதிகள். உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகியிருக்கின்றன.

லைட் யாகமி பள்ளிக் கடைசி வருட மாணவன். படிப்பில் முதல். அப்பா போலீஸ் உயர் அதிகாரி. ரியூக் என்ற மரண தேவன் பொழுது போகாமல் பூமியில் போட்ட ஒரு நோட்டு இவன் கையில் கிடைக்கிறது. ஒருவருடைய முகத்தை மனதில் நிறுத்தி அவர் பெயரை அதில் எழுதினால் அவர் இறந்துவிடுவார். 40 விநாடிகளுக்குள் காரணத்தையும் எழுதினால் அப்படியே சாவு. எழுதாவிட்டால் மாரடைப்பு. லைட் குற்றவாளிகளை ஒவ்வொருவராக எழுத ஆரம்பிக்கிறான். மக்கள் அவனுக்கு கிரா என்று பெயர் வைக்கிறார்கள். கில்லர் என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு அது. அவனைப் பிடிக்க வருகிறார் எல் என்ற ஒற்றை எழுத்துத் துப்பறிவாளர்.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் தொடர் ஏன் பிடிக்கிறது என்பதில் ரகசியம் இல்லை. நோட்டின் விதிகள் ஒரு சாப்ட்வேரின் யூசர் மேனுவல் போலவே இருக்கின்றன. அத்தியாயங்களுக்கு இடையே ஒவ்வொரு விதியாகக் கொடுப்பார்கள். இரண்டு புத்திசாலிகள் அந்த விதிகளில் ஓட்டை தேடுகிறார்கள்.

எல் செய்த டெஸ்டிங்

எல் கட்சிக்காரர்கள் முதலில் காட்டுவது 2ஆம் அத்தியாயத்தை. டெலிவிஷனில் ஒருவர் தோன்றி, நான்தான் எல், கிராவைப் பிடிப்பேன் என்கிறார். கோபத்தில் லைட் அவர் பெயரை எழுத, அவர் செத்து விழுகிறார். அடுத்த நிமிடம் உண்மையான எல் பேசுகிறார். இறந்தவர் அன்று தூக்குத் தண்டனை நிறைவேற இருந்த கைதி. உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு என்று சொன்னது பொய். அது டோக்கியோ அடங்கிய கான்டோ பகுதிக்கு மட்டும் போனது. ஒரே ஒளிபரப்பில் கிரா இருக்கும் பகுதி தெரிந்துவிட்டது. நம் இணைய முகவரியை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பதைப் போன்ற வேலைதான்.

பிறகு எல் சாவுகளின் நேரத்தைப் பார்க்கிறார். வார நாட்களில் மாலையிலும் இரவிலும் மட்டுமே சாவுகள் நடக்கின்றன. அப்படியானால் கிரா ஒரு மாணவன். இது லைட்டுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் தடயம் இல்லாமல் நுழைந்து போலீஸ் பைல்களைப் படிப்பது அவன் வழக்கம். (வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தனித்தனி பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னால் சிரிப்பவர்கள் கவனிக்கவும்.) உடனே மணிக்கு ஒரு சாவு என்று மாற்றுகிறான். அந்த மாற்றமே, போலீஸ் தகவல் கசிகிறது என்று எல்லுக்குச் சொல்லிவிடுகிறது. என்ன எழுதினான் என்று தெரிய வேண்டியதில்லை, எப்போது எழுதினான் என்பதே போதும்.

பெயரும் முகமும்

என்னைக் கேட்டால் தொடரிலேயே பயங்கரமான காட்சியில் ரத்தமே கிடையாது. நவோமி மிசோரா, எப்.பி.ஐ.யில் வேலை பார்த்தவர். கிராவால் கொல்லப்பட்ட எப்.பி.ஐ. ஏஜெண்டான ரே பென்பரைத் திருமணம் செய்ய இருந்தவர். கிராவுக்கு மிக அருகில் வந்துவிட்ட இவர், யாரென்று தெரியாமல் லைட்டிடமே பேசுகிறார். எச்சரிக்கையாகப் பொய்ப் பெயர் சொல்கிறார். நோட்டு வேலை செய்யவில்லை. லைட் மிரட்டுவதில்லை. புலனாய்வுக் குழுவில் சேர்த்துவிடுகிறேன், அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்கிறான். அவர் டிரைவிங் லைசென்ஸைக் காட்டுகிறார். முன்பு ரே பென்பரும் அப்படித்தான், நம்பிக்கை வருவதற்காகத் தன் அடையாள அட்டையை பஸ்ஸில் லைட்டிடம் காட்டினார்.

வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஓ.டி.பி. கேட்கும் திருடன் செய்வதும் இதேதான். பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் அவனும் கேட்கிறான்.

நவோமியை இவ்வளவு சீக்கிரம் கதையிலிருந்து அனுப்பியது பல வாசகர்களுக்குக் கோபம். மிசா அமானேயை லைட்டுக்காக எதையும் செய்யும் பொம்மையாக வைத்ததும் அப்படியே. இரண்டும் நியாயமான குறைகள்.

7ஆம் தொகுதிக்குப் பிறகு

பெரிய சண்டை இங்கேதான். 7ஆம் தொகுதியில் எல் இறந்துவிடுகிறார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்பது ஒரு பெரிய கூட்டத்தின் தீர்ப்பு. பின்னால் வரும் நியர், மெல்லோ இருவரும் எல்லின் நகல்கள் என்பார்கள். வியாபாரத்திற்காக இழுத்தார்கள் என்ற சந்தேகமும் உண்டு. சந்தேகத்திற்கு இடமில்லாமல் இல்லை. ஜம்ப் இதழில் வாசகர் கருத்து அட்டை வைத்திருப்பார்கள். பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்ப வேண்டும். ஓட்டு விழாத தொடர் சில மாதங்களில் நின்றுவிடும். ஓட்டு விழுவதை நிறுத்த யாருக்கும் மனம் வராது. இதே இருவர் பின்னர் 2008 முதல் 2012 வரை செய்த பாகுமான் தொடர் முழுக்க இந்த ஓட்டுப் போராட்டத்தைப் பற்றியதுதான்.

இரண்டாம் பாதியில் வேகம் குறைவு, பலூனுக்குள் வசனம் அதிகம் என்பதை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் அதை வெட்டிவிடச் சொல்ல மாட்டேன். எல் இறந்தபின் லைட்டே எல்லின் பெயரில் கிராவைத் தேடும் குழுவுக்குத் தலைவனாகிறான். சர்வரைக் கெடுத்தவனிடமே தணிக்கையையும் ஒப்படைத்த கதை. ஐந்து வருடங்கள் யாருக்கும் தெரியவில்லை. அதிகாரம் கையில் வந்தபின் லைட் என்ன ஆகிறான் என்பதை அந்தப் பாதியில்தான் பார்க்கிறோம்.

முடிவில், மாங்காவில் லைட் சாக மாட்டேன் என்று ரியூக்கிடம் கெஞ்சிக் கதறிச் சாகிறான். 2006-07ல் வந்த 37 பகுதி அனிமேயில் காயத்தோடு ஓடி, படிக்கட்டில் அமைதியாகக் கண் மூடுகிறான். அனிமே முடிவுதான் அழகு என்பார்கள். எனக்கு மாங்கா முடிவுதான் நேர்மை. ஆயிரக்கணக்கானோரின் சாவை ஒரு வரியாக எழுதியவனுக்குத் தன் பெயர் எழுதப்படும்போது அழகான சாவு எதற்கு?

லைட் செய்தது சரியா?

எங்கள் மேஜையில் குரல் உயர்ந்தது இந்தக் கேள்விக்குத்தான். குற்றம் குறைந்தது, போர் நின்றது, அப்புறம் என்ன என்று கேட்டவர் எங்கள் டீமிலேயே கவனமாக வேலை பார்ப்பவர். அவரைக் குறை சொல்ல முடியாது. தொடர் பெரும்பாலும் லைட்டின் நாற்காலியிலிருந்தே காட்டுகிறது. 64 கேமராக்களுக்கு நடுவே சிப்ஸ் பாக்கெட்டுக்குள் குட்டி டிவியை ஒளித்து வைத்துப் பெயர் எழுதும்போது, மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நமக்கே பதறுகிறது.

அவருக்கு நான் சொன்ன பதில் 13ஆம் தொகுதியில் இருக்கிறது. அது 2006ல் வந்த கையேடு. தொடர் ஆரம்பிக்கும் முன் 2003ல் வெளியான சோதனைக் கதையும் அதில் உண்டு. அதில் நோட்டு கிடைப்பது டாரோ என்ற சிறுவனுக்கு. தெரியாமல் எழுதிக் கொன்றவர்களை மீட்க ரியூக் ஒரு ரப்பர் தருகிறான். பெயரை அழித்தால், உடல் எரிக்கப்படாமல் இருந்தால், இறந்தவர் எழுந்துவிடுவார்.

தொடராக வந்தபோது அந்த ரப்பரை எடுத்துவிட்டார்கள். அண்டூ இல்லாத டெலிட் அது. லைட் பார்ப்பது டிவியில் சொன்ன பெயரும் காட்டிய படமும். செய்தி தப்பாக இருந்தால்? போலீஸ் தவறான ஆளைப் பிடித்திருந்தால்? சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. நாங்கள் ஒரு டேட்டாபேஸில் நாலு வரியை நீக்க பேக்கப் எடுத்து, இன்னொருவர் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் கை வைக்கிறோம். 2ஆம் அத்தியாயத்திலேயே, எந்தக் குற்றத்துக்காகவும் அல்ல, தன்னைத் தீயவன் என்று சொன்னதற்காகவே ஒருவரைக் கொன்றுவிடுகிறான் லைட். நண்பர் இதைக் கேட்டுக்கொண்டார், மாறவில்லை. கடைசி அத்தியாயத்தில் நியரும் நோட்டைப் பயன்படுத்தித்தான் ஜெயித்திருப்பான் என்று மட்சுதா சந்தேகப்படுவதை எடுத்து என்மேல் வீசினார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை.

2020ல் இதே இருவர் ஒரு சிறப்புக் கதை வெளியிட்டார்கள். ஊரெல்லாம் கண்காணிப்பு கேமரா இருக்கும்போது கிராவாக இருக்க முடியாது என்று கணக்குப் போடும் ஒரு மாணவன், நோட்டை ட்விட்டர் வழியாக ஏலம் விடுகிறான். ஒரு பெயரைக் கூட எழுதவில்லை. விற்பனை முடிந்தபின் மரண தேவர்களின் அரசர் ஒரு புது விதியைச் சேர்க்கிறார். விற்றவனும் சாவான். ரிலீஸ் ஆனபின் வந்த அப்டேட்!

படிக்க விரும்புவோருக்கு: விஸ் மீடியா ஆங்கிலப் பதிப்பு 12 தொகுதிகளாகவும், 2017ல் வந்த ஏறக்குறைய 2,400 பக்க ஒற்றைப் புத்தகமாகவும் உண்டு. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் பத்துப் பக்கம் தடுமாறும், பிறகு பழகிவிடும். பெரிய பிள்ளைகளுக்கானது என்று பதிப்பாளரே குறித்திருக்கிறார்கள், சிறுவர்கள் கையில் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள். 2017ல் வந்த அமெரிக்கப் படத்திலிருந்து மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.